முகத்தில் எண்ணெய், கன்னத்தில் புள்ளி: வாசகர் கேள்விகள்

தோல் பராமரிப்பு பற்றி வந்த கடிதங்களைப் பிரித்தபோது, எழுதியவர்களில் பெரும்பாலோர் 45 வயதைத் தாண்டியவர்கள். ‘பரு வருகிற வயசெல்லாம் போயாச்சு, இன்னும் ஏன் முகம் எண்ணெய் வடியுது? இந்தப் புள்ளிகள் எப்போ போகும்?’ என்பதுதான் பலருக்கும் கேள்வி. எல்லோருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இங்கே பதில்.

எனக்கு 56 வயது. மாதவிலக்கு நின்று நான்கு வருடம் ஆகிறது. காலையில் எழுந்தால் நெற்றியும் மூக்கும் எண்ணெயில் மினுங்குகின்றன. கன்னம் மட்டும் வறண்டு இழுக்கிறது. நாளைக்கு நாலைந்து தடவை சோப்பு போட்டுக் கழுவுகிறேன். வாரம் மூன்று நாள் பயத்தம் மாவு தேய்க்கிறேன். எண்ணெயும் நிற்கவில்லை, இரண்டு கன்னத்திலும் பழுப்புப் புள்ளிகள் வேறு வந்துவிட்டன.
– வாசகி, தஞ்சாவூர்

முதலில் அது எண்ணெயா வியர்வையா என்று பார்த்துவிடுங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு திடீரென்று உடல் சூடேறி வியர்ப்பது சகஜம். அதையும் ‘எண்ணெய் வடியுது’ என்றே பலர் சொல்கிறார்கள். மென்மையான ஃபேஸ்வாஷால் முகம் கழுவித் துடைத்து, எதையும் தடவாமல் ஒரு மணி நேரம் ஃபேனுக்கடியில் இருங்கள். பிறகு டிஷ்யூ பேப்பரைத் துண்டுகளாகக் கிழித்து நெற்றி, மூக்கு, கன்னம், தாடை என்று தனித்தனியாக ஒற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பஜ்ஜி வைத்த பேப்பர் மாதிரி ஊடுருவித் தெரிகிற கறை காயாமல் அப்படியே நின்றால் எண்ணெய். கொஞ்ச நேரத்தில் காய்ந்து மறைந்தால் வியர்வை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நெற்றித் துண்டிலும் மூக்குத் துண்டிலும் கறை இருக்கும், கன்னத் துண்டு சுத்தமாக இருக்கும். ஒரே முகத்தில் இரண்டு வகைத் தோல் இருக்கிறது, நீங்கள் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கிறீர்கள்.

பெண்களுக்கு மாதவிலக்கு நின்றபின் எண்ணெய்ச் சுரப்பு பொதுவாகக் குறையும். ஆண்களுக்கு எழுபது வயதுக்கு மேலும் பெரிதாகக் குறையாது. ஆனால் நெற்றியிலும் மூக்கிலும் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. வயதாக ஆக அவை அளவில் பெரிதாகின்றன. சுற்றியுள்ள தோல் தளர்வதால் துளைகளும் அகன்று தெரிகின்றன. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறைந்து, ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜன் கை ஓங்குவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

அடிக்கடி கழுவினால் எண்ணெய் இன்னும் அதிகமாகச் சுரக்கும் என்று சொல்வார்கள். அது அவ்வளவு சரியில்லை. சுரப்பி ஹார்மோன் பேச்சைத்தான் கேட்கும், சோப்பின் பேச்சைக் கேட்காது. கேடு வேறு வழியில் வருகிறது. தோலின் மேல்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மை உடையது, பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பு 9, 10 வரை போகும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்புப் படிவு வேறு முகத்திலேயே தங்கிவிடும். இப்படி ஐந்து தடவை கழுவி, மேலே கொரகொரப்பான மாவையும் போட்டுத் தேய்த்தால் கன்னத்தில் கண்ணுக்குத் தெரியாத அழற்சி உண்டாகும். நம் மாநிறத் தோலில் அழற்சி ஆறும்போது கறுப்பாகத்தான் ஆறும். உங்கள் புள்ளிகளில் சிலவற்றை அந்த மாவு தேய்ப்பே உண்டாக்கியிருக்கலாம்.

இனி செய்ய வேண்டியது. காலை, இரவு இரண்டே தடவை கழுவுங்கள். நடுவில் பிசுபிசுத்தால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். சோப்பு வேண்டாம், நுரை குறைவான ஃபேஸ்வாஷ் போதும், அரை நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் நெற்றி, மூக்கு, தாடைக்கு மட்டும் 2 சதவீத சாலிசிலிக் அமிலம் உள்ள ஃபேஸ்வாஷ் போட்டு, ஒரு நிமிடம் வைத்திருந்து கழுவுங்கள். கன்னத்தில் அது படவேண்டாம்.

காலையில் முகம் கழுவியதும் நியாசினமைடு 4 அல்லது 5 சதவீத சீரம் மூன்று, நான்கு சொட்டு முகம் முழுக்கத் தடவுங்கள். எண்ணெய்ப்பசையைக் கொஞ்சம் குறைக்கும், நிறமி மேல்தோலுக்கு ஏறுவதையும் மட்டுப்படுத்தும். கடையில் 10 சதவீதம் என்று பெரிதாகப் போட்டிருப்பதுதான் கையில் அகப்படும். பலருக்கு அது முகத்தைச் சிவக்க வைக்கிறது, கூடுதல் பலனும் பெரிதாக இல்லை. அடுத்து கன்னத்துக்குக் கிளிசரினோ செராமைடோ உள்ள மாய்ஸ்சரைசர். நெற்றிக்கும் மூக்குக்கும் அது தேவையில்லை. கடைசியாக சன்ஸ்கிரீன், அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

இரவுக்கு இரண்டு வழி. எரிச்சல் சீக்கிரம் வருகிற தோல் என்றால் அசெலிக் அமிலம், 10 சதவீதத்தில் தொடங்கலாம். முதல் வாரம் ஊசி குத்துவதுபோல் ஒரு நமைச்சல் இருக்கும், அடங்கிவிடும். தோல் தாங்கும் என்றால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அடபலீன் 0.1 சதவீத ஜெல். அடைபட்ட துளை, புள்ளி, தோலின் முரட்டுத்தன்மை மூன்றுக்கும் அது ஆகும். ஆனால் பயன்படுத்துகிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புள்ளியின் மேல் பொட்டு மாதிரி வைக்கக் கூடாது. பட்டாணி அளவு எடுத்து நெற்றி, மூக்கு, இரண்டு கன்னம், தாடை என்று ஐந்து இடத்தில் தொட்டு முகம் முழுக்க மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கழுவிய முகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்; ஈரத்தோடு போட்டால் எரியும். மூக்கு மடிப்பிலும், வாய் ஓரத்திலும், கண் ஓரத்திலும் மருந்து தேங்கித் தோல் உரியும் என்பதால் அங்கெல்லாம் முன்கூட்டியே வாஸ்லின் தொட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு இரவு, அடுத்த இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், தாங்கினால் மட்டும் தினமும். லேசாக உரிவது சகஜம். சிவந்து எரிந்தால் நான்கு நாள் நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தொடர்ந்தால் அந்த எரிச்சலே புதுக் கருமையைக் கொண்டுவரும். (இந்தப் பக்கத்தைப் படிக்கிற இளம் பெண்களுக்கு: கர்ப்பம் தரிக்கத் திட்டம் இருந்தால் அடபலீன் வேண்டாம். அசெலிக் அமிலம் பாதுகாப்பானது.)

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கி ஆரம்பித்துவிடாதீர்கள். ஒன்று பழகி இரண்டு வாரம் கழித்து அடுத்தது. இல்லையென்றால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது.

இளமையில் மேல்தோல் ஏறக்குறைய 28 நாளில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். வயதான பிறகு 40, 50 நாளுக்கு மேலும் ஆகும். ஆகவே மூன்று மாதம் முடியுமுன் ‘ஒண்ணும் ஆகலை’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஜன்னல், ஒரே நேரம், மொபைலின் ஃபிளாஷ் இல்லாமல் போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடி தினமும் ஒரு கதை சொல்லும்.

இன்னொன்று. மாதவிலக்கு நின்றபின் எண்ணெய்ப்பசை திடீரென்று கூடி, அதோடு தாடையில் முரட்டு முடி, உச்சந்தலையில் முடி கொட்டுதல், குரல் கனத்தல் சேர்ந்தால் க்ரீமைத் தேடாமல் மகளிர் மருத்துவரிடம் போய் ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பேருந்து ஓட்டுநராக 30 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். வயது 63. வலது கன்னத்திலும் வலது நெற்றிப்பொட்டிலும் மட்டும் பழுப்புப் புள்ளிகள், காலணா அளவில் ஏழெட்டு. இடது பக்கம் சுத்தமாக இருக்கிறது. ரத்தக் கோளாறா?
– வாசகர், திருநெல்வேலி

ரத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஜன்னல் பக்கம் எதுவோ அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 28 ஆண்டு லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படம் வந்தது. அங்கே ஓட்டுநர் இடது பக்கம் உட்காருவார். அவர் முகத்தின் இடது பாதி மட்டும் இருபது வயது கூடியதுபோல் தடித்துச் சுருங்கியிருந்தது. நம் ஊரில் வலது பக்கம். ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் தோலின் ஆழத்துக்குப் போகிற யு.வி.ஏ. என்ற புற ஊதாக் கதிரில் பெரும்பங்கு உள்ளே வந்துவிடும். முன்பக்கக் கண்ணாடி இரண்டு அடுக்காக ஒட்டியது, அது நன்றாகத் தடுக்கும். பக்கவாட்டுக் கண்ணாடி அப்படியில்லை.

தட்டையாக, ஓரம் தெளிவாக, ஒரே பழுப்பு நிறமாக இருந்தால் அது வெயிலால் வந்த வயதுப் புள்ளி. தடவித் தெரிகிற மாதிரி மேடாக, மெழுகை ஒட்டவைத்தாற்போல் இருந்தால் கெரட்டோசிஸ் என்ற வேறு வகை. அதுவும் கெடுதல் இல்லாததுதான், ஆனால் எந்த க்ரீமுக்கும் போகாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாருங்கள், வித்தியாசம் கைக்குத் தெரியும்.

தட்டைப் புள்ளிக்கு மேலே சொன்ன இரவு மருந்துகள் மங்கலாக்கும், முழுவதும் அழிக்காது. விரைவாகப் போக வேண்டும் என்றால் லேசர் உண்டு. ஆனால் மாநிறத் தோலில் லேசர் பட்ட இடமே கறுத்துச் சில மாதம் நிற்பது அடிக்கடி நடக்கிறது. அதனால் முகம் முழுக்க ஒரே நாளில் செய்துகொள்ளாமல், காதோரம் இருக்கும் ஒரே ஒரு புள்ளியில் செய்துபார்த்து ஆறு வாரம் பொறுங்கள். திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் முறையை உங்கள் நிறத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். நிறமிச் செல்கள் மற்ற செல்களைவிடக் குளிர் தாங்காதவை. பழுப்புப் புள்ளி போய் வெள்ளைப் புள்ளி நின்றுவிடும்.

பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதையசைடு கலந்திருந்தால் அது தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். நீங்களாக நிறுத்த வேண்டாம்; எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள்.

முகத்தில் மங்கு இருந்தது. வயது 48. மெடிக்கலில் கேட்டு ஒரு ட்யூப் வாங்கித் தடவினேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஒன்றரை வருடமாகத் தடவுகிறேன். இப்போது இரண்டு நாள் நிறுத்தினாலே முகம் சிவந்து எரிகிறது, பரு வருகிறது, மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் தெரிகிறது. மேலுதட்டில் முடியும் வளர்கிறது.
– வாசகி, திருப்பூர்

ட்யூபின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களைப் படியுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மூன்றாவதாக மொமெட்டாசோன் அல்லது ஃப்ளூசினோலோன் இருக்கும் என்று நினைக்கிறோம். அந்த மூன்றாவது ஆள் ஸ்டீராய்டு. பத்து நாளில் பளிச்சென்று ஆக்கியதில் பெரும்பங்கு அவருடையது, இன்றைக்கு எரிய வைப்பதும் அவர்தான்.

இந்த மூன்றையும் சேர்ப்பது மோசடி இல்லை. 1975-ல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் தன் சக ஆய்வாளரோடு சேர்ந்து வெளியிட்ட கலவை அது: ஹைட்ரோகுவினோன் 5 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.1, டெக்சாமெத்தாசோன் 0.1. மங்குக்கு இன்றும் நல்ல மருந்துதான். ஆனால் மருத்துவர் கண்காணிப்பில் இரவு மட்டும், ஏறக்குறைய எட்டு வாரம். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். நம்மிடம் அது ஃபேர்னஸ் க்ரீமாக மாறிவிட்டது. 2018-ல் மத்திய அரசு தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. டப்பாவில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டு கேட்கும் மருந்து என்று பொருள். அந்தக் கோட்டைப் பார்க்காமலேயே கைமாறுகிற ட்யூப்கள் ஏராளம்.

ஸ்டீராய்டு மாதக்கணக்கில் பட்டால் தோல் மெலிந்து, சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரியும். வெயிலில் நின்றாலும், அடுப்படியில் நின்றாலும் முகம் எரியும். பருவும் முடியும் வரும். கண் இமைக்கருகில் நெடுநாள் பட்டால் கண்புரை, கண் அழுத்தம் வரை போகும். மருந்தை நிறுத்தியதும் அதுவரை அடக்கி வைத்திருந்த அழற்சி சில நாளில் கிளம்பி வரும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி ட்யூபை எடுப்பதில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒன்றரை வருடம் ஆகிவிட்டதால் நீங்களாக நிறுத்தித் தனியாகப் போராட வேண்டாம். இந்த வாரமே தோல் மருத்துவரிடம் ட்யூபைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கப்பட்டு வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள், அதுதான் முக்கியமான தடயம். அவர் வீரியம் குறைந்த ஸ்டீராய்டுக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார், அல்லது நேராக நிறுத்திவிட்டு டாக்ரோலிமஸ் என்ற ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் தேவைப்பட்டால் சில வாரம் மாத்திரையும் தருவார். அதுவரை சீரம், ஸ்க்ரப், ஃபேஷியல், ப்ளீச் எல்லாவற்றுக்கும் விடுமுறை. மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்கிரீன், இந்த மூன்று மட்டும். எரியும்போது சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து ஐந்து பத்து நிமிடம் போடுங்கள். ஐஸ் கட்டியை நேரே வைக்க வேண்டாம். முழுதாகத் தேறப் பல மாதம் ஆகலாம். மங்குக்கான வைத்தியம் அதற்குப் பிறகுதான்.

ஹைட்ரோகுவினோன் தனியாகக் கிடைத்தாலும் அதே எச்சரிக்கை. மூன்று மாதம் தாண்டி இஷ்டத்துக்குத் தடவிக்கொண்டே போனால் சிலருக்குத் தோல் நீலக் கறுப்பாக மாறும்; அதைத் திரும்பப் பழைய நிறத்துக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். மங்குக்கு டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை தருவதும் உண்டு. ரத்தம் உறைவதோடு சம்பந்தப்பட்டது அது. காலில் ரத்த உறைவு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள் தொடவே கூடாது.

லேபிளே இல்லாமல் டப்பாவில் வருகிற ‘வெளிநாட்டு’ க்ரீம்கள் இதைவிட மோசம், பாதரசம் கலந்திருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் கால் வீங்கி, சிறுநீரில் புரதம் போய் வந்த சில நோயாளிகளை விசாரித்தபோது பொதுவாக அகப்பட்டது ஃபேர்னஸ் க்ரீம்தான். முகத்தில் பூசுவது சிறுநீரகத்துக்குப் போகும்.

எலுமிச்சைச் சாறு தடவினால் வயதுப் புள்ளி போகுமா?
– வாசகி, சேலம்

போகாது. எலுமிச்சையின் அமிலம் முகத்துக்கு மிக அதிகம். அதோடு, எலுமிச்சையின் தோலிலும் சாறிலும் உள்ள சில பொருள்கள் வெயில் பட்டதும் தோலைப் பொசுக்கும். சாறு வழிந்த தடம் அப்படியே கறுப்புக் கோடாக மாதக்கணக்கில் நிற்கும். டூத்பேஸ்ட், சோடா உப்பு இரண்டுக்கும் இதே பதில். கற்றாழைச் சோற்றை மஞ்சள் பால் போகக் கழுவிவிட்டுத் தடவினால் கெடுதல் இல்லை, புள்ளியும் போகாது.

என் முகத்தில், கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும், மிளகைத் தட்டிப் போட்டாற்போல் கருப்பு மணிகள். அம்மாவுக்கும் இருந்தது. வயது 67. சுண்ணாம்பும் சோடா உப்பும் குழைத்து வைத்தால் விழுந்துவிடும் என்கிறார்கள். தலைமுடியால் கட்டலாமா?
– வாசகி, காரைக்குடி

அம்மாவுக்கும் இருந்தது என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை வந்துவிட்டது. மாநிறம், கறுப்புத் தோல் உள்ளவர்களுக்குக் குடும்பவழியில் வருகிற மேடுகள் இவை. முப்பது வயதிலேயே தொடங்கி வயதோடு எண்ணிக்கை கூடும். பிறருக்கு ஒட்டாது, புற்றாகவும் மாறாது. எடுத்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

சுண்ணாம்பும் சோடா உப்பும் சேர்ந்தால் கடுமையான காரம். மணியோடு சேர்த்து அடித்தோலையும் தின்னும். கண்ணுக்கு அரை அங்குலத்தில் அதை வைப்பதை நினைத்துப் பாருங்கள். காம்போடு தொங்குகிற மருவைத்தான் முடியால் கட்ட முடியும். இவை பரந்து உட்கார்ந்திருப்பவை, கட்டு நிற்காது.

தோல் மருத்துவர் மரத்துப்போகும் க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே பூசி, மெல்லிய மின்முனையால் ஒவ்வொன்றாகப் பொசுக்கி எடுப்பார். ஒவ்வொன்றுக்கும் சில விநாடிதான். பொருக்கு ஏழு முதல் பத்து நாளில் தானாக உதிரும். நகத்தால் கிள்ளினால் பள்ளமும் கருமையும் நிற்கும். ஆழமாகச் சுடுவதைவிடக் கொஞ்சம் மிச்சம் வைத்து இன்னொரு தடவை எடுப்பது மேல், அதனால் ஒரே அமர்வில் மொத்தத்தையும் எடுக்கச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, பேஸ்மேக்கர் இருக்கிறதா என்பதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். பிற்பாடு புது மணிகள் வரலாம், அது செய்தவரின் குற்றம் இல்லை.

ஐம்பது வயதுக்கு மேல் நெற்றியில் இளமஞ்சளாக, நடுவில் சின்னக் குழியோடு வரும் மேடு வேறு சமாசாரம். பெரிதாகிப்போன எண்ணெய்ச் சுரப்பி அது. பரு என்று நினைத்துப் பிதுக்குவார்கள், ஒன்றும் வராது, வடுதான் மிஞ்சும்.

ஆறு மாதமாக நெற்றியின் இரு ஓரமும், காதுக்கு முன்னாலும், கழுத்திலும் சாம்பல் கறுப்பாகப் படர்கிறது. அரிப்பு இல்லை. வயது 58. வெயிலில் அதிகம் போவதில்லை.
– வாசகர், வேலூர்

நீங்கள் எழுதாத ஒன்றை நாங்கள் கேட்கிறோம்: தலைக்கு டை அடிக்கிறீர்களா? கருமை முடியோரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது என்றால் முதல் சந்தேகம் அதன்மேல்தான். டையில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம் சிலருக்கு அரிப்போ கொப்புளமோ இல்லாமல் மெதுவாகக் கருமையை மட்டும் உண்டாக்கும். பத்து வருடம் ஒத்துக்கொண்ட டை பதினோராம் வருடம் ஒத்துக்கொள்ளாமல் போவது வழக்கம்தான். ‘இயற்கை’, ‘ஹெர்பல்’ என்று போட்ட பொட்டலத்திலும் இது இருக்கலாம். வைத்த பத்து நிமிடத்தில் கறுப்பாகப் பிடிக்கிற மருதாணி என்றால் நிச்சயம் சந்தேகப்படுங்கள். வெறும் மருதாணி இலை செம்பட்டையாகத்தான் பிடிக்கும்.

டையை முழுவதும் நிறுத்துங்கள். மருத்துவர் முதுகில் பட்டை ஒட்டி 48 மணி நேரம் வைத்திருந்து செய்யும் பேட்ச் டெஸ்ட் காரணத்தை உறுதி செய்யும். நிறுத்திய பிறகும் கருமை விலகப் பல மாதம் ஆகும், நிறமி ஆழத்தில் இறங்கிவிட்டிருப்பதால்.

டை பழக்கமே இல்லை, அந்த இடம் தடித்து வெல்வெட் துணிபோல் இருக்கிறது, கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் அதே கறுப்பு என்றால் க்ரீம் வாங்குகிற காசில் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்த்தால் இன்னும் கறுக்கும்.

சன்ஸ்கிரீன் போட்டால் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிறது, வியர்த்தால் கண்ணில் வழிகிறது, எண்ணெய்ப்பசை இரட்டிப்பாகிறது. மாநிறமான எனக்கு இது அவசியம்தானா?
– வாசகி, மதுரை

தோல் புற்றைப் பொறுத்தவரை உங்கள் நிறமே ஓரளவு குடை. புள்ளியையும் மங்குத் திட்டையும் பொறுத்தவரை அந்தக் குடை போதாது. சன்ஸ்கிரீன் இல்லாமல் மேலே சொன்ன எந்த மருந்தை வாங்கினாலும் காசு வீண்.

பெரிய பிசகு அளவில்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவது முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய அளவு, ஒரு கிராமுக்குச் சற்று மேல். அப்படித் தினம் ஒரு தடவை போட்டாலே 50 கிராம் ட்யூப் ஆறு வாரம் சுமாருக்குத்தான் வரும். உங்கள் ட்யூப் நான்கு மாதம் வருகிறது என்றால் அட்டையில் போட்டிருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. எஸ்.பி.எஃப். என்று போட்டிருப்பதுதான் அந்த எண். அது 30 என்றால், தோலைச் சுடுகிற யு.வி.பி. என்ற புற ஊதாக் கதிரில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அதனால் 30-ஐ நிறையப் போடுவது, 50-ஐக் கஞ்சத்தனமாகப் போடுவதைவிட மேல். யு.வி.ஏ. கதிரைத் தடுக்கும் அளவைக் காட்டுகிற பி.ஏ. என்ற எழுத்துக்குப் பின்னால் மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும்.

வெள்ளை அடிப்பது ஜிங்க், டைட்டானியம் ஆக்சைடுகளால். உங்களுக்கு ஜெல் அல்லது மேட் ஃபினிஷ் வகை பொருந்தும். மங்கு இருந்தால் தோல் நிறத்திலேயே வருகிற டின்ட் வகையை வாங்குங்கள். அதற்கு நிறம் தருகிற அயர்ன் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும். மாநிறத் தோலை அந்த வெளிச்சமும் கறுக்க வைக்கும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. வெள்ளைப் பூச்சுத் தொல்லையும் இதிலேயே தீர்ந்துவிடும்.

இரண்டு விரல் அளவையும் ஒரேயடியாக அப்பாமல் ஒரு விரல் அளவு போட்டு, ஐந்து நிமிடம் காயவிட்டு, அடுத்த விரல் அளவைப் போடுங்கள். புருவத்துக்கு மேல் ஒரு விரற்கடை இடம் விட்டால் கண்ணில் வழிவது குறையும். அங்கே தொப்பியோ முந்தானையோ பார்த்துக்கொள்ளும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்வையை ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி. வீட்டுக்குள்ளேயே, ஜன்னலை விட்டுத் தள்ளி இருக்கும் நாளில் காலையில் ஒரு தடவை போதும். வெளியே உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிற நேரமெல்லாம் கடும் வெயில் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடம் வெளுத்துவிட்டது. என்ன தடவலாம்?
– வாசகி, நாகர்கோவில்

எதையும் தடவும் முன் ஸ்டிக்கரை விடுங்கள். அதன் பசையில் உள்ள ஒரு ரசாயனம் நிறமிச் செல்களைக் கொல்லும். வேறு பிராண்டு ஸ்டிக்கருக்கு மாறுவதில் பயனில்லை. வெளுப்பு பரவுகிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும்.

அம்மாவுக்கு 74 வயது. மூக்கோரம் பல வருடமாக இருந்த கருப்புப் புள்ளி இந்த வருடம் பெரிதாகி, முகம் துடைக்கும்போது லேசாக ரத்தம் கசிகிறது. வலி இல்லை. ‘மச்சம்தானே’ என்கிறார். விடலாமா?
– வாசகர், புதுச்சேரி

விட வேண்டாம். ‘வலி இல்லை’ என்பது இதில் ஆறுதல் இல்லை. முகத்தில், மூக்கை ஒட்டி, கருப்பாகவோ முத்துப்போல் மினுமினுப்பாகவோ இருந்து, பொருக்குத் தட்டுவதும் கசிவதுமாக ஆறாமல் இருப்பது பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றாக இருக்கலாம். அது மெதுவாக வளரும், மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது மிக அரிது, சீக்கிரம் எடுத்தால் பெரும்பாலும் முழுக்கக் குணமாகும். விட்டால் மூக்கின் குருத்தெலும்பு வரை அரிக்கும். வெறும் கெரட்டோசிஸ் துண்டு உரசிக் கசிவதாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து யாரும் சத்தியம் செய்ய முடியாது.

நான்கு வாரத்தில் ஆறாத புண், பாதி ஒரு நிறம் பாதி வேறு நிறமாக இருக்கும் புள்ளி, ஓரம் கிழிந்த காகிதம்போல் இருப்பது, பென்சில் முனை ரப்பரைவிட (6 மில்லிமீட்டர்) அகலமாக வளர்வது, இவை எதுவும் மருத்துவர் பார்க்க வேண்டியவை. நம் நிறத்தவர்களுக்கு மெலனோமா என்ற கொடிய வகை முகத்தைவிட உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும்தான் அதிகம் வரும். அம்மாவின் பாதத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

மருத்துவரிடம் போகுமுன் புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு போட்டோ எடுங்கள், பழைய குடும்பப் படம் ஏதாவதில் அந்த இடம் தெரிந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கியால் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் இடத்தை மரக்க வைத்து சிறு துண்டு எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார். சிலர் புள்ளியை லேசரால் ‘சுட்டுவிடலாம்’ என்பார்கள். பயாப்சி முடிவு வருமுன் அதற்குச் சம்மதிக்காதீர்கள், சுட்டுவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது.